அத்தையின் கூஜாத் தண்ணீர்

என் தம்பி வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பித்தளைக் கூஜா இருக்கிறது. திருகு மூடி போட்டது, கைப்பிடி சற்றே நசுங்கியது. புத்தூருக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போவேன். முடிந்ததில்லை. அது என் அத்தையுடையது. நைனாவின் ஒரே தங்கை அவள். மலேயாவில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள்.

அவள் கப்பலேறியது நைனாவுக்குப் பிடிக்கவில்லை. அவருக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே நிற்கும். வழியனுப்பவும் வராமல், "இனிமே இந்த ஊட்ல உனக்குப் பச்சத்தண்ணி கூடக் கெடையாது, போ" என்று சொல்லிவிட்டாராம். எங்கள் பக்கத்தில் அது சும்மா வார்த்தை இல்லை. பங்காளிகளுக்குள் ஆகாமல் போனால் முதலில் நிற்பது, ஒருவர் வீட்டில் மற்றவர் தண்ணீர் குடிப்பதுதான். மறுபடி சேர்வதும் ஒரு சொம்புத் தண்ணீரில்தான்.

வருஷங்கள் கழித்து அவள் லீவில் வந்தபோது ஊர் எல்லைத் தகராறில் கிடந்தது. நாங்கள் ஆந்திராவா மதராஸா என்று டீக்கடையில் கைகலப்பே நடக்கும். நைனா மதராஸ் கட்சி, கூச்சலில் முதல் ஆள். அன்றைக்கு அதையெல்லாம் விட்டுவிட்டு, தான் சொன்ன வார்த்தையைத் தானே திரும்ப எடுத்துக்கொள்வதற்காக, கிணற்றில் இறைத்த தண்ணீரைச் சொம்பில் ஏந்திக்கொண்டு வாசலில் நின்றார். அவரைப் போன்ற மனிதருக்கு அது எவ்வளவு பெரிய இறக்கம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். அத்தை சிரித்துக்கொண்டே கூஜாவைத் தூக்கிக் காட்டினாள். "வேணாண்ணா, என்கிட்ட காச்சின தண்ணி கீது." அந்த வருஷம் திருமலைக்குப் போய்த் திரும்புகிறவர்களிடையே வாந்திபேதி என்று பேச்சு இருந்தது. அதோடு, அத்தனை காலம் வெளியே இருந்தவள் உடம்புக்குச் சொந்த ஊர்த் தண்ணீரும் வேற்றூர்த் தண்ணீர்தான் என்பது அவள் படித்த படிப்பு. நைனா சொம்பை அப்படியே மண்ணில் கவிழ்த்துவிட்டு உள்ளே போனார்.

அம்மா அவளுக்காகத் தினமும் தண்ணீர் காய்ச்சினாள். எங்கள் வீட்டில் காய்ச்சின தண்ணீர் என்றால் பிள்ளை பெற்றவளுக்கும் ஜுரக்காரனுக்கும்தான். "எங்க ஊட்டுத் தண்ணி இன்னா விஷமா?" என்று நைனா சுவரைப் பார்த்துக் கேட்பார். அத்தை கிருமி, பூச்சி என்று பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் விழுந்ததெல்லாம், தங்கை பழைய வார்த்தையை மனசில் வைத்துக்கொண்டு வைராக்கியம் பண்ணுகிறாள் என்பது மட்டும்தான். ஒருநாளும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அண்ணன் முகம் கொடுத்துப் பேசாமலே மறுபடி கப்பலேற வேண்டுமே என்று அவள் அடுப்படியில் அழுததை நான் பார்த்தேன்.

புறப்படுகிற சமயம் நெருங்கியபோது, நைனா மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த கிணற்றடிக்கு அவளே போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். "ஊத்துண்ணா" என்று இரண்டு கையையும் குவித்து நீட்டினாள்.

"உன் கூஜா எங்க?"

"ஊட்ல கீது. நீ ஊத்து."

வயிறு முட்டக் குடித்தாள். நைனா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அன்று பகல் அண்ணனும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து களி சாப்பிட்டார்கள். "இன்னொரு உருண்ட துன்னு, எலும்பும் தோலுமா கீற" என்று நைனா அதட்டினார். அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த வீட்டில் நான் பிறகு பார்க்கவில்லை.

மறுநாளே அவளுக்கு வாந்திபேதி கண்டது. புத்தூரில் பஸ் பிடித்துத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாளாம். நைனா அந்தக் கூஜாவைத்தான் எடுத்துப் போயிருந்தார். "காச்சினதுதாம்மா, காச்சினதுதான்" என்று கெஞ்சிக் கெஞ்சி ஊற்றினார் என்று அம்மா சொல்வாள். அத்தை பிழைக்கவில்லை. எங்கள் கிணறுதானா, வேறு எதுவுமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நைனா கேட்கவும் இல்லை. பிறகு எல்லை பிரித்து, திருத்தணி மதராஸ் பக்கம், நாங்கள் ஆந்திரா பக்கம் என்றானபோது ஊரே கொதித்தது. "அப்டியா" என்றதோடு சரி அவர். அவர் இருந்தவரை வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சின தண்ணீர்தான். அவர் மட்டும் கடைசிவரை கிணற்றுத் தண்ணீரையே குடித்தார். அவர்மேல் எனக்கு உள்ள கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது.

போன மாதம் என் பேத்தி வெளிநாட்டிலிருந்து வந்தாள். அவளை மலைக்கு அழைத்துப் போய்விட்டுத் திரும்பும் வழியில் தம்பி வீட்டில் இறங்கினோம். தம்பி மனைவி டம்ளரில் தண்ணீர் நீட்டினாள். பேத்தி தன் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். "வேணாம் பாட்டி, என்கிட்ட இருக்கு."

நான் தம்பி முகத்தைத்தான் பார்த்தேன். அவனோ விழுந்து விழுந்து சிரித்தான். "ஏம்மா, எங்க தண்ணி மேல நம்பிக்கை இல்லியா? சரி சரி, அதையே குடி, ஒடம்புதான் முக்கியம்." அவளும் சிரித்தாள். அவ்வளவுதான், பேச்சு வேறெங்கோ போய்விட்டது.

நான் அலமாரியைப் பார்த்தேன். கூஜா அங்கேயேதான் இருந்தது. அன்றைக்கு வாசலில் நைனா இப்படி ஒருதடவை சிரித்திருந்தால் போதும்.