தட்டிப் பார்க்காத கிண்ணம்

தேங்காயைத்தான் தட்டிப் பார்த்து வாங்க வேண்டும், பழைய சீனப் பீங்கானைக் கண்ணால் பார்த்தாலே போதும் என்பது என் கட்சி. வெள்ளையில் நீலம் எப்படி ஊறியிருக்கிறது, தூரிகை எங்கே தயங்கியிருக்கிறது, கிண்ணத்தின் அடி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் வயது தெரிந்துவிடும். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வெள்ளிக்கிழமைகளில் செம்பூரில் ஹார்பர் லைன் ரயிலேறி, மும்பையின் பழைய சாமான் சந்தையான சோர் பஜாருக்குப் போய் நானாகவே கற்றுக்கொண்டது இது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

என் கணவருக்கு வேறு பைத்தியம். அவர் ஓய்வு பெற்றதும் ஜலதரங்கம் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். பீங்கான் கிண்ணங்களை அரைவட்டமாக வைத்து, தண்ணீர் ஊற்றிச் சுருதி சேர்த்து, இரண்டு குச்சிகளால் தட்டுவார். அவருடைய கிண்ணங்கள் கூடத்துத் தரையில், என்னுடையவை ஷோகேஸில். எல்லை தாண்டக் கூடாது என்று பேச்சு.

மாட்டுங்காவில் ஒரு சிறிய ஹாலில் அவருடைய முதல் கச்சேரி ஏற்பாடாயிற்று. அதற்கு முந்தின நாள் பார்த்து, பஞ்சமத்துக்கு வைத்திருந்த கிண்ணம் கை தவறி உடைந்தது. கடை கடையாக ஏறி இறங்கினார். சூப் கிண்ணம், பாயசக் கிண்ணம் எதுவும் சுருதிக்கு வரவில்லை. சாயந்திரம் வெறுங்கையோடு வந்து சோபாவில் உட்கார்ந்து என் ஷோகேஸையே பார்த்தார்.

"பார்க்காதீங்கோ," என்றேன்.

"பார்க்கத்தானே வெச்சிருக்கே?"

"பார்க்கலாம். கேக்கப்படாது."

அவர் கேட்கவில்லை. கச்சேரி வேண்டாமென்று சொல்லிவிடப் போனை எடுத்தார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. மாதக்கணக்கில் ஒரே வர்ணத்தை வாசித்து என் உயிரை எடுத்த மனிதர். அதை நாலு பேர் கேட்காமலே போனால் நான் பட்ட பாடும் அல்லவா வீண்?

ஷோகேஸைத் திறந்து, இருப்பதிலேயே உசத்தியான கிண்ணத்தை எடுத்தேன். தாமரைக் குளத்தில் இரண்டு வாத்துகள். "அசலி சீஸ் ஹை, மேடம்" என்று கடைக்காரர் சத்தியம் செய்வதற்கு முன்பே அது அசல்தான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். மகாராணி மாதிரி நீட்டினேன்.

"இந்தாங்கோ, எடுத்துக்கோங்கோ."

"அது வேண்டாம்," என்றார். "வாசல்ல சாவிக்கொத்தெல்லாம் போட்டு வெச்சிருக்கியே, அந்தக் கிண்ணம் போதும்."

அது கடைக்காரர் கொசுறாகக் கொடுத்தது. கிறுக்கிய மாதிரி ஒரு பூ. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"நான் ஆசையாத் தரேன், உங்களுக்கு இளப்பமாப் போச்சா?"

"அதுக்கில்லை. உடைஞ்சுட்டா?"

"உடைஞ்சா உடையட்டும்!" என்று அவர் குச்சியைப் பிடுங்கினேன். அவர் தடுக்க எழுந்தார். அதற்குள் தட்டிவிட்டேன்.

டொக்.

மறுபக்கம் தட்டினேன். அதே டொக், மரப்பலகையைத் தட்டியது போல. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வாத்தின் இறக்கையோரமாக மயிரிழை விரிசல். யாரோ கெட்டிக்காரர் ஒட்டி, அதன்மேல் நீலம் பூசி மறைத்திருந்தார். தூரிகையின் தயக்கத்தையெல்லாம் கண்டுபிடிக்கும் என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"நீ வாங்கிண்டு வந்த அன்னிக்கே தெரியும். எடுத்து உள்ளே வெக்கறச்சே மோதிரம் பட்டுது."

"இத்தனை வருஷமாச் சொல்லலியே?"

"அன்னிக்கு நீ பாடிண்டே தோசை வார்த்தே. உனக்குப் பாட்டு வராதுன்னும்தான் நான் சொன்னதில்லை."

அழ வேண்டிய நேரத்தில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த மனிதர்மேல் அவ்வளவு பிரியம் வந்தது, பிடித்து நாலு குலுக்கு குலுக்கலாம் போலவும் இருந்தது.

மறுநாள் சாவிக் கிண்ணம் கணீரென்று பஞ்சமம் பேசியது. நடுவில் ஓரிடத்தில் அவருக்குத் தாளம் தப்பியது. நான் முன்வரிசையில் உட்கார்ந்து, அங்கேதான் பலமாகத் தலையாட்டினேன்.

வாத்துக் கிண்ணம் இன்னமும் ஷோகேஸின் நடுவில்தான் இருக்கிறது. போன மாதம் வந்த விருந்தாளி ஒருவர் அதை விரலால் சுண்டிப் பார்க்கக் கையை நீட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தார்.

"ஐயையோ, தொடாதீங்கோ சார்! எங்காத்துலயே உசத்தியான கிண்ணம் அது!"