பத்துக்கு ஒன்று

நைனா ஒன்று என்று சொன்னார். நர்ஸ் ஒன்று என்று எழுதிக்கொண்டார். சொன்னதிலும் தப்பில்லை, எழுதியதிலும் தப்பில்லை என்று அந்த ஆஸ்பத்திரியில் மூன்று பேர் எனக்கு விளக்கம் கொடுத்தார்கள். அப்படியென்றால் என்னைப் பெற்ற நைனாவின் குடல்வால் தானாக ஆசைப்பட்டு வெடித்ததா?

எனக்கு வேலையே அளவு பார்ப்பதுதான். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையின் கேஜ் ரூமில் இருக்கிறேன். காருக்குப் போகும் சின்னச் சின்ன இரும்புச் சாமான்களை அளக்கிற கருவிகள் ஒழுங்காக அளக்கின்றனவா என்று சோதிப்பது என் பொறுப்பு. கருவியைக் கையில் எடுத்தால் முதலில் பூஜ்யம் பார்க்க வேண்டும். எந்த முனையிலிருந்து எண்ணுகிறோம், எந்தப் பக்கம் ஏறுகிறது என்று தெரியாமல் ஓர் எண்ணைக்கூட எழுதக் கூடாது. வெறும் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு யாராவது வந்தால் தாளை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன். ரொம்பக் கறார் என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டுமே. ஒரு திருகாணிக்குக் கிடைக்கிற மரியாதை ஒரு மனுஷனின் வயிற்றுக்குக் கிடைக்க வேண்டாமா?

நைனா நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், "வயிறு நோவுது பாப்பா" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவதே அபூர்வம். தறிக்கொட்டகைச் சத்தத்தில் முனகினால் யாருக்குக் கேட்கப்போகிறது? அதனால் முனகுகிற பழக்கமே அவருக்கு வரவில்லை. மறுநாள் காலை முதல் பஸ் பிடித்துத் திருப்பதியில் என் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் லீவு போட்டுவிட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் அவரை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

நான் சீட்டு வாங்கும் வரிசையில் நின்றேன். அவரை ஒரு மேஜைக்கு முன்னால் உட்காரவைத்து எடை, ஜுரம், பிரஷர் எல்லாம் பார்த்தார்கள். கடைசியாக அந்த நர்ஸ், "நொப்பி பதிக்கி எந்த, பெத்தாயனா?" என்று கேட்டிருக்கிறார். வலி பத்துக்கு எவ்வளவு, பெரியவரே என்று அர்த்தம். நைனா, "ஒகட்டி" என்றிருக்கிறார். தெலுங்கெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கேள்வியும் புரிந்தது, பதிலும் போய்ச் சேர்ந்தது.

தாள்களை மூன்று தட்டுகளில் பிரித்து வைத்தார்கள். எங்களுடையது கடைசித் தட்டுக்குப் போனது. அது ஏன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. விரலில் துணி சுற்றிக்கொண்டு, போனில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த ஒருவர் எங்களுக்குப் பின்னால் வந்து எங்களுக்கு முன்னால் உள்ளே போனார். நைனா நாற்காலியில் முன்பக்கமாக மடங்கி, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

"ரொம்ப நோவுதா நைனா?"

"அதான் அந்தம்மாகிட்ட சொல்லிக்கீறேனே. எழுதிக்கினாங்கோ. கூப்டுவாங்க, நீ சும்மா இரு."

நான் சும்மா இருக்கவில்லை. மூன்று முறை மேஜைக்குப் போய்க் கேட்டேன். மூன்று முறையும் ஒரே பதில். "முந்து சீரியஸ் கேஸுலு, மேடம்." முதலில் ஆபத்தானவர்களாம். அப்படியானால் இவர் யார், வேடிக்கை பார்க்க வந்தவரா என்று கேட்டேன். நர்ஸ் அடுத்த தாளை எடுத்துக்கொண்டார். மூன்றாவது முறை எங்கள் தாளை நானே பார்த்தேன். மேல் மூலையில் 1/10 என்று பேனாவால் எழுதியிருந்தது. பத்துத் தாளில் இது முதல் தாள் என்று நினைத்துக்கொண்டேன். ஊரில் உள்ளவர்கள் எழுதிக்கொண்டு வரும் எண்ணுக்கெல்லாம் அர்த்தம் கேட்கிற மகராசி நான், அதற்கு மட்டும் கேட்கவில்லை.

பன்னிரண்டரை மணி இருக்கும். நைனா மெல்ல நிமிர்ந்து சாய்ந்து உட்கார்ந்தார். "உட்டுப்போச்சு பாப்பா" என்றார். வலி சட்டென்று விட்டுவிட்டதாம். எனக்கு அப்பாடா என்றிருந்தது. இட்லி ஏதாவது வாங்கி வரட்டுமா, துன்றியா என்றுகூடக் கேட்டேன். அந்த நிம்மதியை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

அரைமணி நேரத்தில் அவருக்கு உடம்பு உதறத் தொடங்கியது. முகம் சாம்பல் பூத்துவிட்டது. நாற்காலியிலிருந்து சரிந்தவரை நான்தான் பிடித்தேன். அதற்குப் பிறகு அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். காலையிலிருந்து இவர்கள் எல்லாம் எங்கே இருந்தார்கள் என்று தெரியவில்லை. டாக்டரம்மா வயிற்றில் கை வைத்து அழுத்திப் பார்த்தவுடன் ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

மாலையில் அவர் வெளியே வந்து, குடல்வால் வெடித்துச் சீழ் வயிறெல்லாம் பரவிவிட்டது, பிழைத்துக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன் என்றார். வலி விட்டதே, அப்போதுதான் வெடித்திருக்கும் என்றார். பிறகு அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். "வலி பத்துக்கு ஒண்ணுன்னு அவரேதான் சொல்லியிருக்கார். அப்படிச் சொன்னா நாங்க என்ன பண்றது?"

நான்காம் நாள் நைனாவுக்குப் பேச்சு வந்த பிறகு கேட்டேன். ஏன் நைனா அப்படிச் சொன்னே என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஏன், தப்பா? பத்தாம் நம்பர் நூலு எப்டி இருக்கும்? கயிறாட்டம் இருக்கும். நூறாம் நம்பரு? மயிராட்டம். நம்பர் கொறைய கொறைய தடினம். எனக்கு எம்மாம் நோவு. அதப் போயி பத்துன்னு மெலிசா சொல்றதா? ஒண்ணுக்குக் கீழ இருந்தா அதான் சொல்லியிருப்பேன்."

நாற்பது வருஷமாக விரலுக்கிடையில் நூலை உருட்டிப் பார்த்தே நம்பர் சொல்கிற மனுஷன். அவர் அளவுகோலில் அவர் சொன்னது துல்லியம். நானும் தினமும் அப்படிப்பட்டவற்றோடுதானே குப்பை கொட்டுகிறேன்? கம்பியிலும் நம்பர் ஏற ஏற மெலிசு. உப்புத்தாளிலும் நம்பர் ஏற ஏற நைசு. பரீட்சை ரேங்க்கில் ஒன்றுதான் உச்சம். மார்க்கில் அதே ஒன்று அவமானம். பிச்சாட்டூர் ஏரியில் தண்ணீர் மட்டம் ஏறினால் கரையோரத்துக்காரர்களுக்குப் பயம், இறங்கினால் விவசாயிகளுக்குப் பயம். ஒவ்வொரு அளவுகோலுக்கும் தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அதைக் கொண்டு வந்து நீட்டுகிறவர்தான் இது தலை, இது கால் என்று சொல்ல வேண்டும். ஒன்று என்றால் கொஞ்சம், பத்து என்றால் தாங்கவே முடியாது. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தெலுங்கில் சொன்னாலும் ஒரு மூச்சுதான்.

ஆபீஸ் அறைக்குப் போய் இதைத்தான் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். அங்கே இருந்தவர் பொறுமையாக, "எல்லா நாட்லயும் இதே கேள்விதான் மேடம்" என்றார். எல்லா நாட்டிலும் கேட்கட்டும். மடங்கிப்போய், சட்டை நனைந்து எதிரில் உட்கார்ந்திருந்த மனுஷனை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்றும் எல்லா நாட்டிலும் சொல்லியிருக்கிறார்களா? அவர் தண்ணீர் குடியுங்கள் என்றார்.

பதினான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நைனா பாதியாக இளைத்திருந்தார். சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். அந்த மேஜையைத் தாண்டும்போது நிறுத்தச் சொன்னார். அதே நர்ஸ் இருந்தார். சரி, நாலு வார்த்தை கேட்கப்போகிறார், கேட்கட்டும் என்று நானும் நிறுத்தினேன். நைனா ஒரு கையால் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றார். பிறகு அந்தக் கையையும் எடுத்து, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"தப்பு நாதே தல்லி. தலகிந்துலுகா செப்பினானு."

தலைகீழாகச் சொல்லிவிட்டாராம். தப்பு அவருடையதாம். என் வயசுகூட இல்லாத அந்தப் பெண்ணிடம், என் அப்பா, நிற்க முடியாமல் நின்றுகொண்டு மன்னிப்புக் கேட்கிறார். நான் சக்கர நாற்காலியை அவர் காலுக்குப் பின்னால் இழுத்துப் பிடித்தேன்.

நர்ஸ் எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "பரவாலேது, பெத்தாயனா" என்றார்.

பரவாயில்லையாம்.