காப்பி ஊற்ற வேண்டியவள்

“ஆப்பிரிக்காவுல சாப்பாடே கெடையாதுலா. என்னத்தம்மா செஞ்சு காட்டப் போற?”

எங்கள் எஸ்டேட் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவர் இப்படிக் கேட்டதும் கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் என் அம்மா கொழுந்து பறிக்கும் மலைக்குக் கங்காணி. மூக்கொழுகத் திரிந்த காலத்திலிருந்து என்னைத் தெரிந்தவர். நான் இப்போது ஆசிரியையாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவருக்கு இன்னும் வேடிக்கைதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பட்டமும் வாங்கினேன். அதை நான் அடக்கமாகச் சொல்வதில்லை.

பண்பாட்டு நாளுக்கு வகுப்புக்கு ஒரு நாடு என்று சீட்டுக் குலுக்கினார்கள். என் மூன்றாம் வகுப்புக்கு எத்தியோப்பியா வந்தது. ஜப்பான் கிடைத்த ஆசிரியை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

எனக்கும் அந்த நாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. தேடிப் படித்தேன். அங்கே காப்பி என்பது அவசரமாக விழுங்குகிற சமாசாரம் இல்லை. தரையில் பசும்புல்லைப் பரப்பி, வந்தவர்கள் பார்க்க வீட்டுப் பெண் பச்சைக் கொட்டையை வறுப்பாள். புகையும் சட்டியை ஒவ்வொருவர் முகத்தருகிலும் கொண்டுபோய் வாசனை பிடிக்கச் செய்வாள். அதே தூளில் மூன்று சுற்று ஊற்றுவாள். கொறிக்கச் சோளப்பொரி இருக்கும். பொரி என்று கேட்டதும் பதினொரு பிள்ளைகளும் எத்தியோப்பியாவின் பக்கம் சேர்ந்துவிட்டார்கள்.

அவர்கள் புளித்த மாவில் ஊற்றும் பெரிய ரொட்டியையும் செய்து பார்த்தோம். அவர்களுடைய தானியம் இங்கே கிடைக்காது, கேழ்வரகு மாவைக் கரைத்தோம். இரண்டு நாளாகியும் மலைக்குளிரில் மாவு அசையவே இல்லை. ஒருத்திதான், தன் அம்மா தோசை மாவைப் பிரிட்ஜுக்குப் பின்னால் சூட்டில் வைப்பார் என்று சொன்னாள். வகுப்பில் கையே தூக்காத பெண் அவள். அப்படியே வைத்தோம். மறுநாள் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. கல்லில் ஊற்றித் திருப்பாமல் வேகவிட்டபோது மேலெல்லாம் கண் கண்ணாக ஓட்டை விழுந்தது.

“டீச்சர், இது ஆப்பத்துக்குச் சொந்தக்காரன்” என்றாள் அவள்.

காப்பி ஊற்றும் வீட்டுப் பெண்ணாக அவளையே வைத்தேன். ஒரு வாரம் தண்ணீரை ஊற்றிப் பழகினாள். ஒரு சொட்டு வெளியே விழாது.

அந்த நாள் காலை, சுட்ட ரொட்டிகளோடு நான் மண்டபத்துக்கு வந்தபோது தேங்காயெண்ணெய் வாடை அடித்தது. கங்காணியும் சங்கத்துப் பெண்களும் அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்து என் பிள்ளைகளின் முகத்தில் பூசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளின் கழுத்தில் கிழிந்த கோணிகள். ஒருவன் கையில் காலித் தட்டு. பசித்த முகம் காட்டச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகளின் நிறத்தில் கரி அவ்வளவாக எடுத்துத் தெரியவில்லை. அதனால் இரண்டாம் பூச்சு நடந்தது.

காப்பி ஊற்ற வேண்டியவள் வரிசையில் வந்து நின்றாள். வகுப்பிலேயே அவள்தான் நல்ல கறுப்பு.

“இவளுக்கு வேணாம்லா, கரி மிச்சம்” என்றாள் சங்கத்துப் பெண் ஒருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். அவர்களோடு, நிகழ்ச்சி பார்க்க வந்திருந்த என் அம்மாவும் சிரித்தார்.

 தானா ராத்தா டவுன் இடைநிலைப்பள்ளியில் என் நிறத்தைச் சொல்லி என்னைக் கூப்பிட்ட வார்த்தைகள் அம்மாவுக்குத் தெரியும். பதின்மூன்று வயதில் என் முகத்தை எரித்த வெள்ளைக் கிரீமை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். இந்த மண்டபத்தில் அந்தப் பேச்சைக் கேட்காமல் வளர்ந்தவர் யார்? அத்தனையையும் பொறுக்கி வைத்திருந்து, தங்களுக்குக் கீழே ஒரு நாடு கிடைத்ததும் அதன்மேல் கொட்டிவிட்டார்கள்.

மாவட்ட அலுவலகத்துக்குப் படம் அனுப்ப வேண்டும், எடுத்து முடித்ததும் கழுவிக்கொள்ளலாம் என்றார் தலைமையாசிரியர். நான் பிள்ளைகளைக் குழாயடிக்கு இழுத்துப் போனேன். பனிபோன்ற தண்ணீரில் எண்ணெய்க்கரி போகவில்லை. பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். இரண்டு பேர் அழுதார்கள். கங்காணி பின்னாலேயே வந்தார்.

“வெளையாட்டுக்குத்தானம்மா. படிச்சிட்டா சிரிக்கக்கூட மறந்துருமா?”

“அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்துட்டு இதச் சொல்லுங்க, மாமா.”

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் அங்கே இல்லை. கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுவிட்டாள். நிகழ்ச்சி முடியும்வரை வெளியே வரவில்லை.

காப்பியை நான்தான் ஊற்றினேன். தேயிலை வரிசைகளின் ஓரத்தில் பிள்ளைகள் அறுத்து வந்த புல்மேல் உட்கார்ந்து, சிரித்த அதே வாய்கள் மூன்று சுற்றும் குடித்தன. அருமை என்றார்கள். நானும் நன்றி சொல்லி ஊற்றினேன். அதை நினைத்தால் என்மீதே எனக்கு அருவருப்பு வருகிறது.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் படம் தொங்கியது. நான் பிள்ளைகளைக் குழாயடிக்கு இழுத்துப் போவதற்குள் யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். கரி முகங்களின் ஓரத்தில், பூச்சு இல்லாமல் அவள் ஒருத்தி.

சனிக்கிழமை சட்டியோடும் மிச்சக் கொட்டையோடும் அவள் இருக்கும் தொழிலாளர் லயத்து வீட்டுக்குப் போனேன். அவளே வறுத்தாள். சட்டியை அவள் அம்மாவின் மூக்கருகிலும் என் மூக்கருகிலும் கொண்டுவந்தாள். ஒரு சுற்று ஊற்றினாள், ஒரு சொட்டு சிந்தவில்லை. அடுத்த சுற்றுக்குக் கோப்பையை நீட்டினேன், போதும் என்றாள். பள்ளியிலும் இப்படி ஊற்றுவாயா என்று கேட்டேன். சட்டியைத் துடைத்துக் கவிழ்த்துவைத்தாள்.

“அந்தப் படம் அங்கயே இருக்குமா, டீச்சர்?”

நான் ஒப்பந்த ஆசிரியை. ஆண்டு முடிவில் என் வேலை நீடிக்கத் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை முதல் மணி அடிப்பதற்கு முன் பலகையிலிருந்து படத்தைக் கழற்றினேன். ஏன் கழற்றினேன் என்று ஒரு தாளில் எழுதி, கீழே என் முழுப்பெயரைப் போட்டு, இரண்டையும் சேர்த்து அவர் மேசைமேல் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.