பதில் வராத பெயர்

புனிதன் வாரத்தில் ஆறு நாள் பாரோய்ப் பக்கம் லோரியில் கேஸ் சிலிண்டர் கொண்டுபோய் வீடு வீடாக இறக்குகிறான். சனிக்கிழமை மாலையானால் கறுப்பு ஜிப்பா போட்டுக்கொண்டு கல்யாண மண்டபங்களில் பாடுகிறான். எங்கே போனாலும் அவனிடம் கேட்பது ஒரே பாட்டு. நான் எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி, சிரம்பானில் அலுவலக வேலை. இருந்தும் அவனைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சுவா ஊருக்கு உள்ளே இருந்த செம்பனைத் தோட்டத்தில், இரண்டாம் லயத்து வரிசையில் எங்கள் இரண்டு வீடும் ஒட்டினாற்போல இருக்கும். அவன் அம்மா பஞ்சாலையும் என் அம்மாவும் சேர்ந்துதான் உதிரிப் பழம் பொறுக்கப் போவார்கள். புனிதன் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை விட்டான். நானும் அவனும் உறுமி அடிக்கிற ஹேமநாதனும் சேர்ந்து ‘ரெண்டாம் லயம்’ என்று ஒரு குழு தொடங்கினோம். தோட்டத்தில் விடியற்காலை ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, அவரவர் ‘வந்தேன்’ என்பார்கள். அதைப் பாட்டாக்கலாம் என்று சொன்னவன் நான். இதை யாரிடமாவது சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

பாட்டில் எட்டுப் பெயர்கள். ஏழு பேர் சொந்தக் குரலில் ‘வந்தேன்’ என்று பதிவுசெய்தார்கள், பஞ்சாலை அத்தையும்கூட. எட்டாவது பெயர் தேவன், அதாவது நான். அப்போது பினாங்கில் பல்கலைக்கழகத்தில் இருந்தேன். சனிக்கிழமை வந்து ஒரு சொல் சொல்லிவிட்டுப் போ என்று புனிதன் போன் செய்தான். அசைன்மெண்ட் இருக்கிறது என்றேன். அப்படி எதுவும் இல்லை. தோட்டத்துப் பாட்டில் கத்தியவன் என்று கூடப் படிப்பவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்று வெட்கப்பட்டேன்.

என் குரலுக்காக இடம் விட்டு வைத்திருந்த அரைகுறைப் பதிவை ஹேமநாதன் தவறுதலாக யூடியூப்பில் ஏற்றிவிட்டான். ‘தேவன்!’ என்று புனிதன் கூப்பிடுகிறான். இரண்டு தட்டு நேரம் சத்தமே இல்லை. அப்புறம் உறுமி இடிக்கிறது. அந்த இடைவெளியில் மூச்சைப் பிடித்து நின்று, உறுமி விழும்போது எல்லாரும் ஒன்றாகக் குதிப்பது நாடு முழுக்கப் பழக்கமாகிவிட்டது. நான் அடுத்த வாரமே வந்து சொல்கிறேன் என்றேன். இனி அதைத் தொட வேண்டாம் என்றான் ஹேமநாதன்.

தீபாவளிக்குப் புனிதனும் ஹேமநாதனும் தொலைக்காட்சியில் வந்தார்கள். நான் சேனலை மாற்றினேன், அம்மா திரும்பவும் அங்கேயே வைத்தார். அடுத்த இரண்டு பாட்டும் எடுபடாமல் போனபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு கோவிட் வந்து மண்டபங்கள் மூடின. ஹேமநாதன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். புனிதனுக்கு ஒரு பென்டிரைவும் அந்தப் பாட்டும் மிஞ்சின. அதைக்கூட என்னால் பொறுக்க முடியவில்லை. புதிதாகப் பழகுகிறவர்களிடம் பெயரைச் சொன்னால், ‘வராத தேவனா?’ என்று சிரிக்கிறார்கள்.

போன மாதம் மம்பாவ் மண்டபத்தில் என் தங்கை லோகேஸ்வரியின் கல்யாண விருந்து. புனிதன்தான் பாட வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். இந்த முறை பதில் சொல்லிவிடுவது என்று நான் முடிவு செய்திருந்தேன்.

“தேவன்!”

எழுந்து நின்று, “வந்தேன்!” என்று கத்தினேன்.

குதிக்கத் தயாராக நின்றவர்கள் தடுமாறினார்கள். சிலர் முன்னாலேயே குதித்தார்கள், சிலர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உறுமி விழுந்தபோது யாரும் குதிக்கவில்லை. புனிதன் இசையை நிறுத்தச் சொன்னான்.

“பெரட்டு எப்பவோ முடிஞ்சிருச்சி மச்சான்,” என்றான் மைக்கில். மண்டபமே சிரித்தது. மைக்கை அணைத்துவிட்டு இறங்கி என் மேசைக்கு வந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை.

“உனக்கு டிகிரி இருக்கு, ஆபீஸ் இருக்கு. என்கிட்ட இது ஒண்ணுதான்டா இருக்கு. உக்காரு லா.”

உட்கார்ந்தேன். அவன் மேடைக்குப் போய்ப் பாட்டை முதலிலிருந்து எடுத்தான். பதிவில் ஏழு குரல்களும் ‘வந்தேன்’ என்றன. எட்டாவதாக என் பெயரைக் கூப்பிட்டபோது மண்டபம் மொத்தமும் என்னைப் பார்த்தது. சொல் தொண்டை வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

உறுமி இடித்தது. முதலில் குதித்தவள் லோகேஸ்வரி.