வற்றிய கடலை நிரப்பிய பிரிண்டிங் மாஸ்டர்

மெர்ச்சண்டைசர் வேலை என்பது, ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையரிடம் "முடிந்துவிட்டது" என்றும் கம்பெனிக்குள் "இன்னுமா முடியலை?" என்றும் ஒரே மூச்சில் சொல்வது. இந்தப் பிழைப்பில் இருக்கும் சக பாவிகளுக்கு இது புதிதல்ல.

பச்சை சகாரா

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பி, வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். அதுவரை பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக்கொடுத்து வந்த முதலாளி சின்னச்சாமிக்கு முதல் நேரடி ஆர்டர் வந்தது. ஓர் அயல்நாட்டு அருங்காட்சியகம் தன் கடையில் விற்கப்போகும் டி-ஷர்ட். மார்பில், ஆதி மனிதர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய வழிகளின் படம். சாம்பிள் தேறினால்தான் ஆர்டர் நிலைக்கும்.

படத்தில் சகாரா பச்சையாக இருந்தது. முதலாளி கலங்கிப்போனார். ஒரு காலத்தில் அங்கே மழை பெய்தது, ஏரியும் புல்லும் இருந்தன, அந்த வழியாக ஜனங்கள் நகர்ந்தார்கள், பிறகு காய்ந்து வழி அடைத்துக்கொண்டது என்று விளக்கினேன். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்:

"நம்ம நொய்யல் ஆத்துல சாயத்தண்ணி கலர் கலராப் போறத நம்புறமுங்க, பாலைவனம் பச்சையா இருந்தா இருந்துட்டுப் போகட்டுமுங்க."

காணாமல் போன கடல்

பிரிண்டிங் மாஸ்டர் ஜெபராஜ் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒரு நிறம் கோடு தாண்டி இன்னொன்றில் கசிந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவர் அடித்த சாம்பிள் பளிச்சென்று இருந்தது. அசல் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அசலில் இந்தியாவையும் இலங்கையையும் சேர்த்துப் பழுப்புத் தரை இருந்தது. இதில் நடுவே நீலம்! பழுப்பு கசிந்துவிட்டது என்று நினைத்து, ஜெபராஜ் அச்சு ஃபிலிமைத் திருத்திக் கடலை நிரப்பிவிட்டார். கூரியரோ சாயங்காலம் கிளம்பியாக வேண்டும்.

பனியுகத்தில் ஏகப்பட்ட தண்ணீர் நிலத்தின்மேல் பனிக்கட்டியாக உறைந்துவிட, கடல் மட்டம் இறங்கிற்று, இலங்கைக்கு நடந்தே போக இடம் கிடைத்தது என்றேன். அச்சடிக்கப் புது ஸ்கிரீனுக்கு ஆள் அனுப்பிவிட்டு ஜெபராஜ் முறைத்தார்:

"நான் கடக்கரையில பொறந்தவன் சார். கடலையே காணும்னா ஒரு வார்த்த முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்லா!"

அம்புக்குறிகள்

மறுபடி அடித்த சாம்பிள், செக்கிங் டேபிளில் முத்துமாரியிடம் வந்தது. சாத்தூர்ப் பக்கமிருந்து குடும்பத்தோடு வந்து மண்ணரையில் குடியிருப்பவர். நூல் பிசிறை வெட்டிக்கொண்டே, இந்த அம்புக்குறியெல்லாம் என்ன என்று கேட்டார். மழை தவறிய இடத்தை விட்டு, மழையுள்ள இடம் தேடிப் போன பாதை என்றேன். நானும் வெளிநாட்டிலிருந்து ஓர் அம்புக்குறியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தவன்தானே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, முத்துமாரி சிரித்தார்:

"நாங்களும் மழை இல்லாமத்தான் சார் பஸ் ஏறினோம். இங்கயும் தண்ணி லாரி வந்தாத்தான் தண்ணி. இந்த அம்பு போட்டவன் சரியாப் பாத்துப் போட்டானா?"

தேறியது

சாம்பிள் கூரியரைப் பிடித்துவிட்டது. அதன்பின் தினமும் காலையில் முதலாளி என் கம்ப்யூட்டரைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தார். ஒருநாள் பதில் வந்தது: சாம்பிள் ஓகே, கடற்கரை அப்படியே அசல்போல் இருக்கிறதாம். ஜெபராஜ் எதுவுமே நடக்காததுபோல் மீசையைத் தடவிக்கொண்டார். எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்த முதலாளி, டி-ஷர்ட்டை விரித்து இலங்கைமேல் விரலை வைத்தார்:

"ஏனுங்க, அப்பவே நாம எக்ஸ்போர்ட்ல இறங்கியிருந்தா இங்கெல்லாம் லாரியிலயே சரக்கு போயிருக்குமுங்களே?"

மனிதர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி உலகம் பூராவும் போய்ச்சேரப் பல்லாயிரம் ஆண்டுகள் பிடித்தன. அந்தப் படத்தை அடித்து, டி-ஷர்ட்டாகத் தைத்துத் தூத்துக்குடியில் கப்பலேற்ற எங்களுக்குக் கிடைத்தது ஆறே வாரம்.