ஒன்றிய ஆபீஸ் ஜீப்பும் பாறமேட்டு ஜனமும்

கெவுருமெண்டு ஜீப் ஓட்றவனுக்கு ரெண்டு கையி ரெண்டு காலு மட்டும் இருந்தா பத்தாது, பின்னால நின்னு தள்றதுக்கு நாலு ஆளும் வேணும். பிரேக்க நம்பாம சாமிய நம்பி என்ன மாதிரி வண்டி ஓட்டுனவங்க, அந்த வண்டி எப்ப வரும்னு மனுவோட ரோட்டோரம் காஞ்சவங்க, அல்லாரும் நம்ம கட்சிதான். அதனால ஒங்ககிட்ட சொல்றதுக்கு எனுக்கு வெக்கம் இல்ல.

உத்திரமேரூர் பக்கம் ஒரு ஒன்றிய ஆபீஸ்ல டிரைவரா இருந்தேன். ஏரிக்கர ஒடஞ்சாலும் அந்த ஜீப்புதான், தெரு லைட்டு எரியலன்னாலும் அந்த ஜீப்புதான். பின்னால ஒக்கார்றவரு பி.டி.ஓ. அய்யா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரரு, நல்ல மனுஷன். என்ன, நம்ம ஜனம் பேசறது அவருக்குப் புரியறதுக்குள்ள ஜனம் வூட்டுக்குப் போயிடும்.

மொதல்ல தள்ளு, அப்பறம் சொல்லு

அந்த வண்டிக்கு பேட்டரின்னு ஒன்னு இருந்துச்சி, போட்டோ மாட்டி வெச்ச மாதிரி. காலைல அய்யா ஏறி ஒக்காந்தவொடனே, வராண்டால மனுவோட நிக்கிறவங்க சொல்லாமலே பின்னால வந்துடுவாங்க. ஆபீஸ் வழக்கம் அது. தள்னவங்க மனுவத்தான் அய்யா மொதல்ல வாங்குவாருன்னு யாரோ கெளப்பி உட்டிருந்தாங்க. நாந்தான்னு சில பேரு சொல்லுவாங்க.

ஒரு நாளு சாலவாக்கத்து விவசாயி ஒருத்தரு, தெருவுக்கு லைட்டு கேட்டு வந்தவரு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒண்டியா தள்ளிகினு வந்தாரு. அங்க வந்து வண்டி புடிச்சிகிச்சி. நிறுத்துனா அணஞ்சிடும், நான் எங்க நிறுத்தறது? அய்யா தலைய வெளிய நீட்டி, "மனுவ நாளைக்குக் கொண்டாரும்"ன்னாரு. நான் கண்ணாடில பாக்கறேன், மனுஷன் ரோட்டு மேலயே ஒக்காந்து துண்டால விசிறிகினு பக்கத்துக் கடக்காரங்கிட்ட சொல்றாரு: "இந்நேரம் ஏர இஸ்துகினு போயிருந்தா ரெண்டு காணி ஓட்டி முட்ச்சிருப்பேன் நைனா."

பக்கெட்டு

சாலவாக்கம் தாண்டி உள்ள போனா பாறமேடு. சின்னதா ஒரு மல, சரிவுல காலனி, கீழ ஊரு. காலனி ஜனம் ஊர்க்காரங்க நெலத்துல கூலி வேல செய்யும், ஆனா ஊர்க் கெணத்துல கயிறு போடக் கூடாது. கொடத்த வெச்சிகினு ஓரமா நிக்கணும், யாருக்காவது மனசு வந்து மொண்டு ஊத்துனா உண்டு. வேல செய்ற கைக்குத் தண்ணி மொள்ளத் தெரியாதுன்னு அந்த ஊருக்கு ஒரு நெனப்பு. எனுக்கு அந்த ஊருல ஒன்னுதான் வசதி. சரிவுல நிறுத்துனா திரும்பறப்போ தள்ள ஆள் வேணாம், உருண்டுகினே ஸ்டார்ட் ஆயிடும். கெவுருமெண்டு அங்க ஏறிப் போறதுதான் கஷ்டம், எறங்கி வர்றது ரொம்ப சுலபம்.

ஒரு வருஷம் மேல இருந்து உத்தரவு, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஆள் புடின்னு. ஜீப்ல ஏத்திகினு போய் கேம்ப்ல எறக்கணும், மறுபடி வூட்ல எறக்கணும். போறப்போ நேரா ஒக்காந்து வேடிக்க பாத்துகினு வருவாங்க. திரும்பறப்போ ஒரு பக்கமா சாஞ்சிகினு, பள்ளத்துல வண்டி எறங்கறப்பல்லாம் என் வம்சத்த வாழ்த்திகினு வருவாங்க. ஆளுக்குக் கொஞ்சம் துட்டு, ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டு.

பாறமேட்டுல இருந்து போன மொத ஆளு முனுசாமி. பச்ச பக்கெட்ட மடில வெச்சிகினு, முட்ட வெச்ச கூட மாதிரி காப்பாத்திகினு வந்தாரு. அவரு சம்சாரம் கன்னியம்மா நடவு ஆளுங்களுக்கு மேஸ்திரி. இந்தக் கரைல இருந்து கூப்ட்டா ஏரிக்கு அந்தாண்ட கரைல மாடு திரும்பிப் பாக்கும், அப்டி ஒரு கொரலு. அது புருஷன கீழ எறக்கி உட்டுது, பக்கெட்ட வாங்கித் தட்டிப் பாத்துது, உள்ள எட்டிப் பாத்துது. அப்பறம் எங்கிட்ட திரும்பிச்சி. "பக்கெட்டு நல்லாத்தான் கீது டைவரண்ணா. இதுல ஊத்தறதுக்குத் தண்ணி எந்தக் கேம்ப்புல தர்றாங்க?"

ஆளில்லாத ஊரு

கன்னியம்மா சொன்னதோட உடல. காலனிக்கு ஒரு போர் பம்பு வேணும்னு மனு எழுதி வாங்கிகினு, டவுன் பஸ் ஏறி ஆபீஸுக்கு வந்துச்சி. வழக்கம் தெரியும் போல. ஜீப்ப தள்ளிகினே, வண்டி புடிக்கறதுக்கு முன்னாடி மனுவ அய்யா மடில போட்டுச்சி. அய்யா அசந்துட்டாரு. "பம்பு போடணும்னா அங்க போதுமான ஆளு இருக்கணும்லா. நானே வந்து பாக்கேன்"ன்னாரு.

போனோம். ஆனா முனுசாமி ஒரு வாரம் கால அகட்டி நடந்தத காலனியே பாத்துட்டு இருந்துச்சி. எங்க ஜீப் சத்தம் கீழ கேட்டவொடனே ஆம்பளைங்க மல மேல ஓடிட்டாங்க. பொம்பளைங்க, எதுக்கும் இருக்கட்டும்னு கொழந்தைங்கள இட்டுகினு பின்னாலயே ஓடிட்டாங்க. கன்னியம்மா அன்னிக்குன்னு பாத்து வெளியூர் நடவுக்குப் போயிருந்துச்சி. அடுப்புல கஞ்சி கொதிக்குது, ஆளக் காணும். அய்யா சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "என்னப்பா இது, எங்க போயிட்டானுவ?"ன்னாரு. முட்டி வலியால ஓட முடியாத ஒரு தாத்தா மட்டும் கட்டில்ல கெடந்தாரு. அவரு கும்பிட்டுட்டுச் சொன்னாரு: "எனுக்குப் பண்ணி இன்னா அய்யா புண்ணியம்? சரி, பண்ணிக்கோ. பக்கெட்ட மட்டும் இங்கியே வெச்சிட்டுப் போயிடு."

கீழ எறங்குனா பஞ்சாயத்து பிரசிடெண்டு மோரோட நிக்கறாரு. ஊர்ல பாதி நெலம் அவர்து. "மேல ஆளே கெடயாது சார், அந்தப் பம்ப என் மாந்தோப்பு ஓரமா போட்டுடுங்க"ன்னாரு. அய்யா, "அங்கயும் ஆளு இல்லயேய்யா"ன்னாரு. பிரசிடெண்டு அசரல. "என் மாமரத்த எண்ணிக்குங்க சார். ஒன்னு கூட ஓடாது."

நெல்லுக்கு உப்பு

விஷயம் கேள்விப்பட்டு கன்னியம்மா மறுநாளு ஆபீஸ்ல வந்து நின்னுது. அய்யா, "இன்னொரு தடவ வாரேன். அப்பவும் ஆளு இல்லன்னா மாந்தோப்புதான்"னு முடிவா சொல்லிட்டாரு. ஜீப் வேணாம், பஸ்ல போவலாம்னு நான் சொன்னேன். பஸ்ல எறங்குனா எவன் மதிப்பான்னுட்டாரு.

எனுக்கு ஒரு பழக்கம், யாரு பேசுனாலும் அந்தக் கொரலு எனுக்கு ஒட்டிக்கும். ஜீப்புக்கு ஹாரன் கெடயாது, அத்தயே நான் வாயாலதான் அடிப்பேன். டீக்கடைல அய்யா கொரல்ல "ஒரு டீ போடும்வே"ன்னா, மாஸ்டர் எழுந்து நின்னு கிளாஸ ரெண்டு தபா கழுவுவாரு. இது கன்னியம்மாவுக்குத் தெரியும். "சைக்கிள்ல வர்ற உப்புக்காரரு மாதிரி கத்துவியா?"ன்னு கேட்டுச்சி. ஜனம் கூலி நெல்ல குட்த்து உப்பு வாங்கற காலம் அது. நான் காதப் பொத்திகினு, "நெல்லுக்கு உப்பேய்"னு இஸ்துவுட்டேன். ஆபீஸுக்குப் பின்னால குடியிருந்த அம்மா முறத்தோட வெளிய வந்துட்டாங்க. "போதும். ஜீப் நின்னப்பறம் இந்தக் கொரலு கேட்டா அது ஆபரேஷன் ஜீப்பு இல்ல, தண்ணி ஜீப்பு. நான் ஜனத்துக்கு சொல்லிடறேன்"னுட்டு கன்னியம்மா பஸ் ஏறிடுச்சி.

ஜீப் ஏறுச்சி. ஜனம் ஓடுச்சி. நான் இஞ்சின அணச்சிட்டு, சீட்டு மேல ஏறி நின்னு, மலையப் பாத்து "நெல்லுக்கு உப்பேய்" போட்டேன். அய்யா பதறிட்டாரு. "ஏ டிரைவரு, என்ன சத்தம் போடுத? சம்பளம் பத்தலன்னா எங்கிட்ட சொல்லுவே." நான் நிறுத்தல. பாறைக்குப் பின்னால ஒரு தல, அப்பறம் பத்து தல, அப்பறம் மலையே எறங்கி வர்ற மாதிரி ஜனம். கன்னியம்மா முன்னால வருது, முனுசாமி கடைசில வராரு. கூரம் கிராமத்துல இருந்து விருந்துக்கு வந்தவங்க கூட வந்துட்டாங்க. அய்யா எண்ணி எண்ணிக் களச்சிட்டாரு. ஆனா கன்னியம்மா சொன்ன சேதி பாதிப் பேருக்குத்தான் போய்ச் சேந்துகீது. ஒரு அம்மா முறத்துல நெல்லோட நேரா ஜீப் பின்னால போய், அய்யாவ மேலயும் கீழயும் பாத்துச்சி. "ஒங்க மூட்டைய இன்னும் அவுக்கலியா உப்புக்காரரே?"

போர் லாரி

பம்பு சாங்ஷன் ஆச்சி. போர் போடற லாரி வந்த அன்னிக்கு நாங்களும் போனோம். எங்க ஜீப் சத்தத்துக்கே ஓடற ஜனம், அந்த லாரி சத்தத்துக்கு சொம்மா இருக்குமா? சங்கிலியும் இரும்புமா அது கடகடன்னு மேட்டுல ஏறி வர்றதுக்குள்ள காலனி காலி. பெரிய ஆஸ்பத்திரியே வண்டில வருதுன்னு நெனச்சிட்டாங்களாம். நான் உப்புக்காரராட்டம் கத்துனேன், அப்பறம் உப்புக்காரரு தம்பியாட்டமும் கத்துனேன். லாரி சத்தத்துல எனுக்கே கேக்கல.

காலனி ஆளு யாராவது நின்னு எடம் காட்டணும்னு ஒரு சட்டம். பிரசிடெண்டு வேட்டிய மட்சிகினு மேல வந்துட்டாரு. "பாத்தீங்களா சார், இதுங்களுக்கு எதுக்குப் பம்பு? லாரிய கீழ திருப்பச் சொல்லுங்க, தோப்புல எடம் சுத்தம் பண்ணி வெச்சிகீறேன்." லாரிக்காரன் ரிவர்ஸ் போட்டுட்டான். அய்யா என்னப் பாக்கறாரு, நான் மலையப் பாக்கறேன்.

அப்போ வூட்டுக்குள்ள இருந்து கன்னியம்மா வந்துச்சி. ஓடல, நடந்து வந்துச்சி. கைல அந்தப் பச்ச பக்கெட்டு. புங்க மரத்தாண்ட அத்தக் கவுத்துப் போட்டு, அது மேல ஒக்காந்துச்சி. "இங்க போடுங்க"ன்னுது. பிரசிடெண்டுக்கு மூக்கு செவந்துடுச்சி. "எடம் சொல்றதுக்கு நீ யாரு? இந்தப் பம்புக்கு நீ இன்னா குட்த்த?"ன்னு கேட்டாரு. கன்னியம்மா எழுந்திரிக்கக் கூட இல்ல. பக்கெட்ட ஒரு தட்டு தட்டிச்சி. "எங்க வூட்டுக்காரரு குட்த்தத நீங்க குட்த்தீங்களா பிரசிடெண்டய்யா?"

அய்யாவுக்கு நம்ம பேச்சு அன்னிக்குத்தான் மொத தபா ஒடனே புரிஞ்சிது. லாரி அந்த எடத்துலதான் எறங்குச்சி, பொழுது சாயறதுக்குள்ள அந்தப் பக்கெட்டு ரொம்புச்சி. ஆனா அடுத்த மாசம் பால்வாடி பாக்க ஜீப்ல போனப்பவும் அந்த ஜனம் ஓடத்தான் செஞ்சிது. இத்தினி வருஷம் ஓட்டி நான் கண்டது என்னன்னா, கெவுருமெண்டு வந்தா ஊரு மல ஏறும், உப்பு வந்தா எறங்கும்.