உயிரணுவுக்கு ஒரு சிட்டிகை மஞ்சள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தட்டில் உயிரோடு வளர்ந்துகொண்டிருந்த செல்களுக்கு மஞ்சள் வைத்தவன் நான். படிக்காதவன் செய்திருந்தால் மன்னிக்கலாம். நான் படிப்பவன், அதிலும் அறிவியல் நூல்கள்.

வடசென்னையில் டோல்கேட் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன் வேலை. ஜன்னலைத் திறந்தால் கன்டெய்னர் லாரிப் புழுதி, மூடினால் புழுக்கம். நுண்ணோக்கியைத் தூசியிடமிருந்தும் ஆராய்ச்சி மாணவர்களிடமிருந்தும் காப்பாற்றியே இருபது வருடம் ஓடி, முதுகும் போய்விட்டது.

வியாசர்பாடியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி நுண்துகள்கள் செய்துகொண்டிருந்தாள். செல்லுக்குள் புகுந்து, நீல ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும் துகள்கள். வழக்கமான சாயம் சீக்கிரம் மங்கிவிடும். இவை மங்காது, செல்லையும் கொல்லாது, உள்ளே நடப்பது தெளிவாகத் தெரியும் என்பது திட்டம். ஐந்து வருடமாக அது திட்டமாகவே இருந்தது. உதவித்தொகை முடிய இரண்டு மாதம். இந்த முறையும் படம் தெளியவில்லையென்றால் தலைப்பையே மாற்றிவிடு என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

ஆயுதபூஜைக்கு முந்தின நாள் நுண்ணோக்கிக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். பக்கத்தில் அவளுடைய இரண்டு தட்டுகள். ஒன்றில் துகள் போட்ட செல்கள். மற்றதில், ஒப்பிட்டுப் பார்க்க, துகள் போடாதவை. புதுத் துணியைக் கண்டால் ஓரத்தில் மஞ்சள் தடவுகிற கை சும்மா இருக்குமா? மூடியைத் தூக்கி ஒரு சிட்டிகை போட்டேன். பாரபட்சம் கூடாதென்று இரண்டாவதற்கும்.

மதியம் அவள் அலறினாள். "ணா! பச்சையா எரியுதுணா! இன்னாமா எரியுது பாரு!"

பேராசிரியரை இழுத்துவந்தாள். அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அதுவரை அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவர்கள் போனபின் நுண்ணோக்கியின் விளக்கை அணைக்கப் போனேன். நீல ஒளியில் என் நகக்கண்கள் பச்சையாக ஜொலித்தன. மஞ்சளும் இப்படி ஒளிரும் என்று எப்போதோ படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் படித்ததெல்லாம் இப்படித்தான், காரியம் கெட்டபின் உதவிக்கு வரும். வாய் திறக்காமல் பஸ் ஏறினேன்.

விடுமுறை முழுக்கச் சுண்டல்கூட இறங்கவில்லை. திங்கட்கிழமை அவளிடம் ஒப்புக்கொண்டேன்.

"தெரியும்ணா," என்றாள். "துகளே போடாத தட்டும் சேர்ந்து எரிஞ்சுது. பக்கத்துல உன் மஞ்சள் கிண்ணம் வேற. நீ ஒண்ணுத்துக்கு மட்டும் வெச்சிருந்தா, நான் நம்பிகினு பேப்பரே எழுதியிருப்பேன்."

"சாருக்கு?"

"சொல்ட்டேன். உன் பேர சொல்லல. லீவுல வந்து புதுசா செல்லு வளத்துகினு கீறேன். இந்தப் பக்கம் கைய கொண்டாந்த, பேஜாராயிடும்."

அடுத்த வாரம் நான் கதவருகிலேயே நின்றுகொண்டேன். திரையில், துகள் போடாத தட்டு வெறும் இருட்டு. போட்டதில் மெல்லிய பச்சைப் புள்ளிகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக, உயிருள்ள செல்லுக்குள் நகர்ந்துகொண்டிருந்தன. பேராசிரியர் இரண்டு தட்டையும் மாற்றி மாற்றி வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி எழுந்தார்.

"சரிம்மா, தலைப்ப மாத்த வேணாம். ஆனா, அன்னிக்குக் காட்டினதுதான் பார்க்க நல்லா இருந்துச்சு."